சித்தியின் இடது கன்னம்

போன மாதம் தக்கலையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தேன். பெண்ணை ஒருக்கி அலங்கரிக்கிற அறையில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டுத் தந்தார்கள். ஒப்பனைக்கு வந்திருந்த பெண் எல்லாம் பூசி முடித்த பிறகு ஒரு குப்பியை எடுத்து மணப்பெண்ணின் முகத்தில் பனி மாதிரி அடித்தாள். "அவ்வளவுதான், இனி ராத்திரி வரை அசையாது" என்றாள்.

நாலு பேர் இருக்கிற இடத்தில் நான் வாய் திறக்கிறவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு என்னவோ கேட்டுவிட்டேன்.

"வேர்த்தா?"

"வேர்த்தாலும் போவாது பாட்டி."

"சிரிச்சா?"

"நல்லா சிரிக்கலாம்."

"சூடா சாயா குடிச்சா?"

அறையில் இருந்த பெண்பிள்ளைகள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். "பாட்டிக்கும் ரெண்டு அடி அடிச்சு விடுங்க அக்கா" என்றாள் ஒருத்தி. நானும் சிரித்தேன். ஆனால் நாற்காலிக் கையைப் பிடித்திருந்த பிடியை என்னால் விட முடியவில்லை. இன்னும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. யாராவது துடைத்தால் என்ன ஆகும் என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை.

நம் வயதில் உள்ளவர்களுக்குச் சொன்னால் புரியும். வீட்டுக்கு ஒரு பவுடர் டப்பா இருந்த காலம் அது. ஞாயிற்றுக்கிழமை ஒரு துணியில் தட்டி, முகத்தில் ஒற்றி, பிறகு அந்தப் பவுடர் தெரியாதபடி துடைத்துவிட்டுத்தான் ஆலயத்துக்குப் போவோம். தெரிந்தால் பேச்சு வரும். முகத்துக்குச் சாயம் பூசுகிறவர்களைப் பற்றிப் பிரசங்கத்திலேயே வந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில் என் அம்மா தன் தங்கையின் முகத்துக்குச் சாயம் பூசினாள். அது கலையாமல் பார்க்க என்னைக் காவல் வைத்தாள். எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் அடைத்திருந்த, முந்திரி காய்க்கிற கொல்லாங்கொட்டைக் காலம்.

சித்தி எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் முன்பே போய்விட்டார்கள். என் அப்பாவுக்குத் திருவனந்தபுரத்தில் துணிக்கடையில் வேலை. மாதம் ஒரு தடவை வருவார். ஆகையால் வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள்தான். சித்திக்கு அப்போது இருபத்துமூன்று. நல்ல உயரம், மாநிறம். வாயைப் பொத்தாமல் சிரிப்பாள். "நீ சிரிச்சா அடைகாக்க கோழி எழும்பி ஓடும்" என்று அம்மா திட்டுவாள்.

சித்தியின் இடது கன்னத்தில், தாடை எலும்புக்குக் கொஞ்சம் மேலே, ஒரு புளியங்கொட்டை அளவுக்கு வெள்ளை இருந்தது. பாண்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால் கடுகு அளவில்தான் தொடங்கியது.

நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். நானும் போனேன். டாக்டர் ஊசி முனையாலும் பஞ்சாலும் அந்த இடத்தைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். சித்தி எல்லாவற்றுக்கும் தெரிகிறது என்றாள். "உணர்ச்சி நல்லா இருக்கு. இது குஷ்டம் இல்ல, பெருவியாதி இல்ல. ஒட்டவும் செய்யாது. பயப்படாம போங்க" என்றார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சித்தியின் துவர்த்துத் துண்டை வேறொரு ஆணியில் போட்டாள். சோப்பை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் தனியாக வைத்தாள்.

"டாக்டரு இல்லன்னு சொன்னாருல்லா?" என்று சித்தி கேட்டாள்.

"டாக்டரா உன்னைக் கெட்டப் போறாரு? ஊர்ல உள்ளவங்க ஊசி வச்சிக் குத்திப் பாக்கவா போறாங்க?"

அந்தச் சோப்பு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. சிவப்புச் சோப்பு. சித்தி குளித்த பிறகு அதை வெயிலில் காயவைப்பாள் அம்மா. ஊருக்குப் பயந்தாள் என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், அம்மாவே டாக்டரை நம்பவில்லை.

பூசுகிற களிம்பை அம்மாவே கண்டுபிடித்தாள். தேன்மெழுகை உருக்கி, தேங்காயெண்ணெய் விட்டு, அதில் காவிக்கல்லை அரைத்துப் போட்டு, சிரட்டைக் கரியை ஒரு நுள்ளு சேர்ப்பாள். சித்தியின் நிறம் வர ஒரு மாதம் ஆனது. முதலில் முழங்கையின் உள்பக்கத்தில் பூசிப் பார்த்தாள். அங்கே அச்சாகப் பொருந்திய நிறம் கன்னத்தில் மண் அப்பினது போல இருந்தது. "கையில உள்ள தோலு வேற, மொகத்துல உள்ள தோலு வேற" என்று சொல்லி மறுபடி உருக்கினாள். கடைசியில் சரியாக வந்தது. களிம்பை ஒற்றி, மேலே பவுடர் தட்டினால், தெரிந்தவர்களுக்கும் தேடித்தான் கண்டுபிடிக்க முடியும். தலைவலித் தைலம் வந்த ஒரு சின்னத் தகர டப்பியில் அதை வைத்திருந்தாள். திறந்தால் தைலமும் மெழுகும் சேர்ந்து மணக்கும். வீடு மாறியபோது அந்த டப்பி எங்கே போனதென்று தெரியவில்லை. எத்தனையோ பாத்திரங்கள் போயின, எதையும் நான் தேடவில்லை. அதைத் தேடினேன்.

மாப்பிள்ளை இராஜாக்கமங்கலம் பக்கம். பள்ளிக்கூட வாத்தியார். கொஞ்சம் தென்னந்தோப்பும் உண்டு. பெண் பார்க்க வந்த அன்றைக்கு அம்மா சித்தியைக் கட்டிலில் உட்காரவைத்துச் சட்டம் சொன்னாள்.

"சிரிக்காத. இடது பக்கம் சவைக்காத. சாயாவை ஆறவிட்டுக் குடி. ஜன்னலு உனக்கு வலது கைப்பக்கம் இருக்கணும், கேட்டியா?"

"மூச்சு விடலாமா எக்கா?"

"பைய விடு."

சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கன்னத்தில் பூசியது வெடித்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு மறுபடி பூசினாள்.

என் வேலை சித்தியின் இடது பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இருப்பது. கன்னத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், பார்ப்பதும் தெரியக் கூடாது. ஓரம் தெரிந்தால் சேலைத் தலைப்பை இரண்டு தரம் இழுக்க வேண்டும். சித்தி உள்ளே எழுந்து போய்விடுவாள். அன்றைக்கு மாப்பிள்ளை எப்படி இருந்தார் என்று பிறகு எல்லோரும் என்னிடம் கேட்டார்கள். அவருடைய செருப்பு மட்டும்தான் எனக்குத் தெரியும். நான் கன்னத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

நல்லபடியாக முடிந்தது. இடவப்பாதி மழை பிடிப்பதற்குள் கல்யாணம் என்று பேசிவிட்டார்கள். மழையில் நனைந்தால் என்ன ஆகும் என்று அம்மாவுக்கு அப்போதே கவலை.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஆலயத்தில் ஓலை வாசிக்க வேண்டுமல்லவா? இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை உண்டானால் அறிவிக்கலாம் என்று போதகர் வாசிப்பார். வாசித்துவிட்டுக் காகிதத்தை மடிக்கிற வரைக்கும் பேசாமல் நிற்பார். தடை சொல்ல வேண்டியவர்கள் அந்த நேரத்தில் எழும்பலாம். எங்கள் சபையில் யாரும் எழும்பி நான் பார்த்ததில்லை. ஆனால் எழும்பலாம்.

ஓலை வாசிக்கிற நாளில் சில வீடுகளில் பெண்ணை அனுப்பமாட்டார்கள். அம்மா அனுப்பினாள். "வரல்லன்னா என்னத்துக்கு வரல்லன்னு கேப்பாவ" என்றாள்.

முதல் ஞாயிறு நல்ல வெயில். பெண்கள் பக்கம் பாயில் நெருக்கிப்பிடித்து உட்கார்ந்திருந்தோம். நான் சித்திக்கு இடது பக்கம். ஓலை விசிறியால் அவள் கன்னத்துக்கு மட்டும் வீசிக்கொண்டிருந்தேன். இரண்டாவது பாட்டில் மேலே போகிற ஒரு இடம் உண்டு. அதில் சித்தி எப்போதும் வாய் நிறையப் பாடுவாள். அன்றைக்கும் மறந்து பாடிவிட்டாள். காதோரத்திலிருந்து ஒரு துளி வேர்வை புறப்பட்டது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது நேரே இறங்கிக் களிம்புக்குள் ஒரு கோடு போட்டது. கோட்டுக்கு நடுவில் வெள்ளை.

தலைப்பை இரண்டு தரம் இழுத்தேன். சித்தி கைக்குட்டையைக் கன்னத்தில் வைத்துக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் போதகர் ஓலையை வாசித்தார். வாசித்து நின்றார். காகிதத்தை மடிக்க ஒரு மனுசனுக்கு அத்தனை நேரமா ஆகும்? யாரும் எழும்பவில்லை.

வெளியே வந்தபோது ஒரு பெண் கேட்டாள். "என்னட்டி, கன்னத்துல கையி?"

"கடவாப்பல்லு அக்கா. ரெண்டு நாளா குத்தல்."

சாயங்காலத்துக்குள் மூன்று வீட்டிலிருந்து கிராம்பு வந்துவிட்டது. அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டில் கிராம்பு வாங்கவில்லை.

கைக்குட்டையைத் துவைத்துக்கொண்டே அம்மா கணக்குப் போட்டாள். "ரெண்டு மணிக்கூரு கூட நிக்கல்ல. கல்யாணத்தன்னைக்கு பொழுது வெளுக்க முன்ன பூசணும். பத்து மணிக்குத் தாலி. பெறவு சாப்பாடு, போட்டோ, பஸ்ஸு. மாப்பிள்ளை வீட்டுல போய் எறங்க சாயங்காலம் ஆயிரும். ஒரு பகலு முழுக்க நிக்கணுமே ஆண்டவரே."

"மறுநாளு?" என்று கேட்டேன்.

"தாலி கெட்டின பெறவு யாரு என்ன செய்ய முடியும்?"

சித்தி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். விரல் நின்றது. "எக்கா, பெறவுள்ள நாளெல்லாம் நாந்தானே அங்க இருக்கணும்?" என்றாள். அம்மா கைக்குட்டையை உதறிக் கொடியில் போட்டாள்.

பகல் முழுக்க நிற்க வேண்டும் என்கிற பேச்சு எனக்குள் இறங்கிவிட்டது. தூக்கத்திலும் அந்த வேர்வைத் துளி இறங்கியது.

எங்கள் வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு அக்கா இருந்தாள். அண்டி ஆபீசுக்கு வேலைக்குப் போவாள். கொல்லாங்கொட்டை உடைக்கிற தொழிற்சாலையை நாம் அப்படித்தானே சொல்வோம். வறுத்த கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கிற வேலை. தோட்டில் உள்ள பால் பட்டுப் பட்டு அந்த அக்காவின் விரல்கள் கரிக்கட்டை நிறத்தில் இருக்கும். திங்கட்கிழமை சாயங்காலம் அவள் கிணற்றடியில் கை கழுவும்போது போய் நின்றேன்.

"எக்கா, இந்தக் கறை எப்பம் போவும்?"

"எதுக்கு மக்கா? எனக்கு மாப்பிள்ளை ஏதும் பாத்து வச்சிருக்கியா?"

"இல்ல, சும்மா."

"சோப்பு போட்டாச்சு, புளி போட்டாச்சு, மணலு வச்சி ஒரசியாச்சு. வேலையை விட்டு நின்னா ஆறு மாசத்துல போவும்னு சொல்லுகாவ. நின்னா கஞ்சி யாரு ஊத்துவா?"

"வேர்த்தா போவாதா?"

"அந்த ஆபீசுக்குள்ள நாங்க வேர்வையிலதான் குளிக்கோம். போச்சான்னு நீயே பாரு." இரண்டு கையையும் என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பொள்ளாதா?"

"பால் பட்டா பொள்ளத்தான் செய்யும். நாங்க சாம்பலைத் தொட்டுக்கிட்டுத்தான் உடைப்போம்."

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆறு மாதம் நிற்கும். வேர்வையில் போகாது. சாம்பல் சேர்த்தால் பொள்ளாது. கொல்லாங்கொட்டைப் பால் பட்டு உதடு வெந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். நம் பக்கத்தில் அது தெரியாத பிள்ளை உண்டா? ஆனால் அவர்கள் யாரும் சாம்பல் சேர்க்கவில்லையே.

மறுநாள் அம்மா தண்ணீருக்குப் போன நேரத்தில் மரத்தடியிலிருந்து இரண்டு கொட்டை எடுத்து வந்து, அரிவாள்மணையில் வைத்து வெட்டினேன். தோட்டைப் பிதுக்கிப் பாலை ஒரு சிரட்டையில் எடுத்தேன். அடுப்புச் சாம்பல் போட்டேன். தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். முதலில் சித்தியின் கன்னத்தில் வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. என்மேல் பூசிப் பார்க்க வேண்டும். கையில் பூசினால் பிரயோசனம் இல்லை, முகத்துத் தோல் வேறு என்று அம்மா சொல்லியிருக்கிறாள். ஆகையால் கண்ணாடியைப் பார்த்து, இடது கன்னத்தில், தாடை எலும்புக்குக் கொஞ்சம் மேலே, ஈர்க்கிலால் தொட்டு ஒரு புளியங்கொட்டை அளவுக்கு வைத்தேன்.

முதலில் ஒன்றும் இல்லை. பெருமையாகக்கூட இருந்தது. மத்தியானத்துக்கு மேல் எரியத் தொடங்கியது. தண்ணீர் விட்டுக் கழுவினேன், போகவில்லை. எரிச்சலிலும், போகவில்லையே என்று ஒரு சந்தோசம் வந்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. மறுநாள் காலையில் கன்னம் வீங்கி இடது கண் பாதி மூடியிருந்தது. பொள்ளி நீர் கோத்திருந்தது.

"அண்டி சுட்டுத் தின்னப் போனியாட்டி?" என்று அம்மா அகப்பையை ஓங்கினாள்.

"ஆமா" என்றேன். அடி ஒன்றுதான் விழுந்தது. இரண்டாவதற்கு ஓங்கிய கை, என் முகத்தைச் சரியாகப் பார்த்ததும் இறங்கிவிட்டது.

சித்திதான் தேங்காய்ப்பால் எடுத்துத் தடவினாள். தடவிக்கொண்டே இருந்தவள் நிறுத்தினாள். என் நாடியைப் பிடித்துத் தன் முகத்துக்கு நேரே வைத்து, கண்ணாடியைப் பார்க்கிறது போலப் பார்த்தாள்.

"தெறிச்சா இப்படி வட்டமாவா படும்? சரியா இந்த எடத்துலயா படும்?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எனக்கு வேண்டியா செய்த மக்கா?"

அழுதால் கண்ணீர் பட்டு இன்னும் எரியும் என்று அழுகையையும் பிடித்துக்கொண்டிருந்தேன். சித்தி எழுந்து கிணற்றடிக்குப் போனாள். வெகுநேரம் தண்ணீர் இறைக்கிற சத்தம் கேட்டது. வீட்டில் தண்ணீர் வைக்க வேறு பாத்திரம் இல்லை, எல்லாம் நிறைந்துதான் இருந்தது.

இரண்டாவது ஞாயிறு என்னை வீட்டில் விட்டுவிட்டார்கள். கன்னம் கறுத்துப் பொருக்குத் தட்டியிருந்தது. எங்கள் வீட்டிலிருந்து ஆலயத்துப் பாட்டு கேட்கும், கன்னம் தெரியாது. பாட்டு நின்ற ஒவ்வொரு தடவையும் இப்போது ஓலை, இப்போது எழும்பிவிட்டார்கள் என்று நினைத்து நினைத்து வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தேன். நல்ல வேளை, அன்றைக்கு வானம் மூடாக்கு. வேர்க்கவில்லை. அவர்கள் வந்து சொன்ன பிறகுதான் எனக்குப் பசி எடுத்தது.

புதன்கிழமை பொருக்கு விழுந்தது. அதற்குக் கீழே தோல் வெள்ளையாக இருந்தது. சித்தியினுடையதைவிட வெளுப்பு. அம்மா அப்படியே அடுப்புமுன் உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டாயிட்டே ஆண்டவரே" என்றாள். கொல்லாம்பால் என்று அவளுக்குத் தெரியும். என் வாயாலேயே கேட்டிருக்கிறாள். ஆனாலும் அவள் கண் சித்தியின் சோப்பு இருந்த சிரட்டைக்குப் போனதை நான் பார்த்தேன்.

அதற்குள் வெள்ளிக்கிழமை வந்தது. முன்கூட்டிச் சொல்லாமல் மாப்பிள்ளையின் அம்மா வந்து இறங்கினாள். கல்யாண ரவிக்கை தைக்க அளவு ரவிக்கை வாங்கிப் போக வந்திருக்கிறாள். தனியாக, ஒரு குடையோடு. அம்மா அவளை முன்னறையில் உட்காரவைத்துவிட்டு அடுக்களைக்கு ஓடி வந்து, சித்திக்குப் பூசினாள். பூசி முடித்து என்னைப் பார்த்தாள். "இவளையும் பாத்தா குடும்பத்துக்கே உள்ளதுன்னு நெனைப்பா" என்று அதே டப்பியிலிருந்து எனக்கும் ஒரு அப்பு அப்பினாள். என்னுடையது வெளுப்பு அதிகம், அதனால் தடிமனாக அப்பினாள். பவுடர் தட்ட நேரமில்லை.

மாப்பிள்ளையின் அம்மா கனத்த உடம்பு. சத்தமாகப் பேசுவாள். சித்தி கொண்டுவந்த ரவிக்கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கிட்டே இழுத்தாள். "பிள்ளைக்கு இப்படி வேர்த்து வடியுதே" என்று தன் சேலைத் தலைப்பால் என் முகத்தை அழுத்தித் துடைத்தாள். நான் விலகுவதற்குள் முடிந்துவிட்டது.

தலைப்பில் காவி. அவள் தலைப்பைப் பார்த்தாள், பிறகு என் கன்னத்தைப் பார்த்தாள்.

"இதென்ன பிள்ளே?"

"அண்டிப் பால் மாமி" என்றாள் அம்மா. குரல் மேலே போய்விட்டது. "சுட்டுத் தின்னப் போயி தெறிச்சிட்டு. பாக்க ஒரு மாதிரி இருந்து, அதான் கொஞ்சம் பூசி..."

மாப்பிள்ளையின் அம்மா என் கன்னத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள். "எங்க ஊருல வள்ளத்துக்குத் தடவுக எண்ணெயில்லா இது! நீ என்ன வள்ளமா மக்கா? கடலுக்குப் போறியா?"

அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். தப்பித்துவிட்டோம். பழக்கத்தில் சித்தியின் கன்னத்தைப் பார்த்தேன். ஒரு கோடு இல்லை, ஒரு வெடிப்பு இல்லை. அதற்கு முன்னும் பின்னும் அத்தனை நன்றாக அது நின்றதில்லை.

சித்தி சிரிக்கவில்லை. முந்தானையை எடுத்து, கன்னத்தில் வைத்து, மூன்று தரம் துடைத்தாள்.

"அவளுக்கு அண்டிப் பால். எனக்கு அது இல்ல மாமி. எனக்கு இது தன்னால வந்தது. ஒட்டாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு. ஆனா வளருது."

மாப்பிள்ளையின் அம்மாவின் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை. போக வழி தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

"என் மவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அவள் எழுந்தாள். மடியில் இருந்த ரவிக்கையைக் கட்டிலில் வைத்தாள். குடையை எடுத்தாள். முற்றத்தில் இறங்கி, குடையை விரிக்காமலேயே வெயிலில் நடந்து போனாள். அவளுக்கு வைத்த சாயா ஏடு படிந்து கிடந்தது.

"உனக்கு என்ன பிசாசா பிடிச்சிது?" என்று அம்மா கத்தினாள். "அவ நம்பிட்டாளே! சிரிச்சாளேட்டி!"

"அதான் எக்கா" என்றாள் சித்தி. "அவ்வளவு லேசா நம்பிட்டாவ. அந்த மொகத்தைப் பாத்துட்டு என்னால முடியல்ல."

அம்மா ரவிக்கையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். அன்றைக்கும் மறுநாளும் வாசலில் சைக்கிள் மணி கேட்டால் மூன்று பேரும் நிமிர்ந்தோம். கடிதம் வரவில்லை, ஆளும் வரவில்லை. அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் அவர்கள் சபையிலிருந்து எங்கள் போதகருக்குத் தகவல் வரும். வந்ததா என்று போய்க் கேட்க அம்மாவுக்குப் பயம். கேட்டால் நாமே அவிழ்த்துவிட்டது போல் ஆகுமே என்று இருந்தாள்.

மூன்றாவது ஞாயிறு காலையில் அம்மா புதிதாகக் களிம்பு உருக்கியிருந்தாள். குங்கிலியம் பொடித்துப் போட்டிருந்தாள். "இது சாயங்காலம் வரை அசையாது. அவ வெளிய சொல்லியிருக்கமாட்டா, அவளுக்கும் கொறச்சல்தானே. நம்ம ஊருக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது. இன்னைக்கு ஒரு நாளு பூசு. ஓலை முடியட்டு" என்றாள். முதலில் என்னைப் பிடித்து எனக்குப் பூசினாள். அது இறுகியபோது தோலை யாரோ கிள்ளிப் பிடித்தது போல இருந்தது.

பிறகு டப்பியோடு சித்தியின் முன்னால் நின்றாள். சித்தி என்னைப் பார்த்தாள்.

"நீ சொல்லு மக்கா. பூசவா, வேண்டாமா?"

எனக்கு ஆலயத்துப் பாய் தெரிந்தது. அத்தனை கண்கள் தெரிந்தன. போதகர் காகிதத்தை மடிக்காமல் நிற்பது தெரிந்தது.

"பூசு சித்தி" என்றேன். "பூசிரு."

சித்தி என் தலையில் கை வைத்தாள். பிறகு சோப்புப் போட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு, துடைத்து, வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாள். அம்மா டப்பியைப் பிடித்தபடி வாசலில் நின்று, பிறகு பின்னால் ஓடினாள்.

ஆலயத்தில் முதலில் ஒருத்தி பார்த்தாள். அவள் பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். கிராம்பு கொடுத்தனுப்பியவர்களில் ஒருத்தி தன் பிள்ளையைத் தூக்கி மறுபக்கத்தில் வைத்துக்கொண்டாள். எங்களைச் சுற்றிப் பாயில் கொஞ்சம் இடம் உண்டானது. எனக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. இழுக்கத் தலைப்பும் வேண்டியதில்லை. கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது பாட்டு நடக்கும்போது வாசலில் குடையை மடக்குகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அம்மா. பஸ் பிடித்து, வேர்த்து விறுவிறுத்து வந்திருந்தாள். எங்களுக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்தாள். அம்மா என் கையைப் பிடித்தாள். அவள் கை கிணற்றுக் கயிறு மாதிரி ஈரமாக, சில்லென்று இருந்தது. "எழும்பத்தான் வந்திருக்கா" என்று என் காதில் சொன்னாள்.

போதகர் ஓலையை எடுத்தார். மூன்றாம் முறையாக அறிவிக்கிறேன் என்றார். சித்தியின் பெயரை வாசித்தார், மாப்பிள்ளையின் பெயரை வாசித்தார். தடை உண்டானால் என்றார். நின்றார்.

எனக்குப் பின்னால் பாய் சரசரத்தது. யாரோ காலை மாற்றி ஊன்றுகிறார்கள். அம்மாவின் நகம் என் உள்ளங்கையில் இறங்கியது. சித்தி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போதகர் காகிதத்தை மடித்தார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் மாப்பிள்ளையின் அம்மா நேரே எங்களிடம் வந்தாள். சித்தியின் நாடியைப் பிடித்து வெயிலுக்குத் திருப்பி, இடது கன்னத்தைப் பார்த்தாள். அத்தனை நேரம், அத்தனை வெளிச்சத்தில், அதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. ஊரே நின்றது.

"என் மவன்கிட்ட சொல்லிட்டேன். அவன் சரின்னுட்டான்" என்றாள். "எனக்குத்தான் மனசு ஆறல்ல. அன்னைக்கு எங்கிட்ட தொடச்சிக் காட்டின. ஊருக்கு முன்னால எப்படி வாறன்னு பாக்கணும்னு இருந்து. அதான் எங்க சர்ச்சுக்குக் கூட போவாம பஸ்ஸு ஏறுனேன். இன்னைக்கும் பூசிட்டு வந்திருந்தியானா, ஓலை வாசிக்கப்பம் எழும்பியிருப்பேன் பிள்ளே. சத்தியமா எழும்பியிருப்பேன்."

அம்மா ஆலயச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்தாள். குங்கிலியம் போட்ட களிம்பு அத்தனை வெயிலிலும் என் கன்னத்தில் கல் மாதிரி நின்றது.

"இந்த வள்ளத்துக்கு மட்டும் என்னத்துக்கு இது?" என்றாள்.

சித்தி சிரித்துவிட்டாள், வாயைப் பொத்தாமல். வாரக்கணக்கில் கேட்காத சிரிப்பு. நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அந்தக் காலையில் நான் சொன்ன பதிலைச் சித்தி சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை. அவள் என் பேச்சைக் கேட்டிருந்தால் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். பிறகு அவளுக்கு அந்த வெள்ளை நெற்றிக்கும் இரண்டு கைக்கும் படர்ந்தது. அப்படியே நாலு பிள்ளைகளை வளர்த்தாள், கல்யாண வீடுகளில் முன்வரிசையில் உட்கார்ந்தாள். என்னுடையது வளரவில்லை. அதே புளியங்கொட்டை அளவில் அங்கேயே இருக்கிறது. வெறும் சூட்டுத் தழும்புதான். நாற்பது வருடமாக ஞாயிறுதோறும் என் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற நீங்கள் ஒருவரும் அதைப் பார்த்ததில்லை.